இலவம் பஞ்சுப் பனி

சினிமாவில் வருகிற குளிர் தானாக வருவதில்லை. கேமராவுக்கு வெளியே எவனோ ஒருவன் வேர்த்து விறுவிறுத்து அதைப் போட வேண்டும்.

அந்த எவனோ ஒருவனாகப் பதினான்கு வருஷம் இருந்தேன். கம்பம் பள்ளத்தாக்கில் எந்தப் படக் கம்பெனி வந்து இறங்கினாலும், கதையில் பனி பெய்ய வேண்டும் என்றால் எனக்கு ஆள் வரும். நானும் என் மனைவி செசிலியும் இலவம் பஞ்சு மூட்டையோடு கிளம்புவோம். இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டிப் பிழைத்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். வாடிய கீரையில் தண்ணீர் தெளித்தவர்கள், அதிகாரி வருகிறார் என்று பக்கத்து ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்து வகுப்பில் உட்கார வைத்தவர்கள், உங்களுக்கெல்லாம் நான் சொல்வது சீக்கிரம் புரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் சிரிப்பு வருகிற இடங்கள் உண்டு. ஆனால் அந்தப் பதினான்கு வருஷத்தில் செசிலியின் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. நான் இந்த வேலையை அடியோடு விட்டிருந்தால் ஒருவேளை அது குறையாமல் நின்றிருக்கும். விடுவதா வேண்டாமா என்பதுதான் எங்கள் வீட்டில் ஓடிய ஒரே கதை. மற்றதெல்லாம் அதன் நடுவே நடந்தவை.

குடிலைப் பார்க்க வந்தவர்

எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில், மாதா கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர். நான் மெத்தை தைக்கிறவன். செசிலி கல்யாணத்துக்கு முன்பு போடியில் இலவம் பஞ்சு அறையில் வேலை பார்த்தவள். வலை அடித்த அறைக்குள் காயை உடைத்துக் கொட்டி, கம்பால் அடித்து விதையைப் பிரிக்கிற வேலை. மூக்கில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் சாயங்காலம் தும்மினால் வெள்ளையாகத்தான் வரும் என்பாள்.

கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பனி போடுவது எங்கள் ஊரில் பஞ்சு வேலை செய்கிற குடும்பத்தின் பொறுப்பு. மற்ற ஊர்களில் மருந்துக் கடைப் பஞ்சைப் பிய்த்துக் கூரையில் ஒட்டுவார்கள். செசிலி மாவு சலிக்கிற சல்லடையில் இலவம் பஞ்சைப் போட்டு மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டுவாள். அது அவசரப்படாமல் இறங்கி, இடையர்களின் தோளிலும் ஒட்டகத்தின் திமிலிலும் உட்காரும். ஒரு வருஷம் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து அதைப் பார்த்தபடி அரை மணி நேரம் நின்றார். அவர் ஒரு படத்தின் கலை இயக்குநர். எல்லையில் பனியில் உறைந்து சாகிற பட்டாளத்துக்காரனின் கதையாம். காஷ்மீருக்குப் போக வசதியில்லாமல் போடி மலையிலேயே எடுக்கிறார்களாம். தெர்மாகோலை உதிர்த்துப் பார்த்ததில் ஆலங்கட்டி மழை மாதிரி விழுந்ததாம்.

எங்களைக் கூட்டிக்கொண்டு போவதற்கு அவர் கோயில் பொறுப்பில் இருந்த உபதேசியாரிடம் அனுமதி கேட்டார், நாங்கள் ஏதோ கோயில் சொத்து என்பதுபோல. உபதேசியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பெத்லகேமுல பனி பேஞ்சுச்சுன்னு வேதத்துல எங்கனயும் எழுதலய்யா. நாங்களா போட்டதுதான். உங்க படத்துக்கும் போடச் சொல்லுங்க, சாமி கோவிச்சுக்கிற மாட்டாரு."

பார்க்காத பனி

நான் படித்தது எட்டாம் வகுப்பு வரை. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் தேனி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வேனில் வந்து விற்ற தடித்தடியான ருஷ்யக் கதைகளின் தமிழ் மொழிபெயர்ப்புகள். மெத்தைக்கு உறை தைத்து முடித்துவிட்டு, தகரக் கூரைக்கு அடியில், கத்திரி வெயிலில், பனியன் முதுகில் ஒட்ட நான் அந்தப் புத்தகங்களைப் படிப்பேன். அவற்றில் ஓயாமல் பனி பெய்துகொண்டிருக்கும். ரயில் நிலையத்தில் ஒருவர் காத்திருப்பார், குதிரையின் மூச்சு ஆவியாகப் போகும், மீசையில் பனி கட்டியிருக்கும்.

முதல் நாள் படப்பிடிப்பில்தான் தெரிந்தது, அந்த யூனிட்டில் ஒருவரும் பனி பெய்து பார்த்ததில்லை. வேகமாக விழுமா, மெதுவாக விழுமா என்று இயக்குநர் நின்று யோசித்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. காற்றில்லாத நேரத்தில் மெதுவாக விழும் என்றேன். நெடுநேரம் நடந்து வருகிறவனுக்குத் தோளில் பனி இருக்கும், முழங்காலில் நிற்காது என்றேன். குளிரில் சாகிறவனுக்குக் கடைசியில் உடம்பு சுடுகிற மாதிரி இருக்கும், தானே கோட்டின் பொத்தானைக் கழற்றுவான் என்றும் சொன்னேன். இயக்குநர் அப்படியே உட்கார்ந்து அந்தக் காட்சியை மாற்றி எழுதினார். தேனியில் யூனிட்டுக்கு வண்டியும் ஆட்களும் ஏற்பாடு செய்கிற முத்துராசு என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான். அவன் அடக்கமாகத்தான் கேட்டான்: "அண்ணே, நீங்க ஆண்டிபட்டி கணவாயத் தாண்டி நான் பாத்ததில்ல. ரஷ்யாவுக்கு எப்பப் போய்ட்டு வந்தீக?"

பாட்டுக் குளிர்

சினிமாவில் இரண்டு குளிர் உண்டு. ஒன்று சாவுக்கு, ஒன்று பாட்டுக்கு. புத்தகத்தில் சாவுக் குளிர்தான் அதிகம். ஓர் அத்தியாயத்தில் முதல் பனி விழுந்தது என்று வந்தால் நான் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, யார் போகப் போகிறார்கள் என்று யோசிப்பேன். அநேகமாகச் சரியாக இருக்கும். பாட்டுக் குளிரில் யாரும் சாவதில்லை. கதாநாயகன் கம்பளிக் கோட்டு போட்டிருப்பார், கதாநாயகி மெல்லிய சேலையில் இருப்பார், குளிர் இருவருக்கும் காதலை மட்டும் உண்டாக்கும்.

அப்படி ஒரு பாட்டை கம்பத்துக்கு மேற்கே ஒரு திராட்சைத் தோட்டத்தில் எடுத்தார்கள். பங்குனி மாதம். பந்தல் முழுக்கப் பனி கொட்ட வேண்டும். சிம்லா பக்கத்திலிருந்து வந்திருந்த பெண்தான் கதாநாயகி. ஒவ்வொரு ஷாட்டுக்கும் வேர்வையில் பஞ்சு ஒட்டி அந்தப் பெண்ணின் கழுத்தும் கையும் இறகு பிடுங்காத கோழி மாதிரி ஆகிவிடும். செசிலி பஞ்சு சலிக்கிற மூங்கில் சாரத்திலிருந்து இறங்கி ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஏறுவாள். பதினோரு தடவை ஏறி இறங்கினாள். அன்றைக்குத்தான் அவள் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நெடுநேரம் இருமியதை முதன்முதலாகப் பார்த்தேன். தூசி என்றாள். நானும் தூசி என்றுதான் எடுத்துக்கொண்டேன். அந்தச் சிம்லாப் பெண் தன் நாற்காலியைச் செசிலிக்குக் கொடுத்துவிட்டு, தெரிந்த தமிழில் சொன்னது: "எங்க ஊர்ல பனி விழுந்தா எல்லாரும் உள்ளே போய் கதவு மூடுவாங்க, அக்கா. யாரும் பாட மாட்டாங்க."

செத்தவருக்குத் தண்ணீர்

ஆண்டிபட்டி பக்கம் ஒரு பொட்டலில் போர்க்களம் போட்டார்கள். பனியில் செத்துக் கிடக்கிறவர்களாகப் பத்து இருபது பேரைக் கூட்டி வந்திருந்தான் முத்துராசு. முன்வரிசையில் கிடந்தவர் சுருளியப்பன் என்கிற பெரியவர். கம்பளி, மேலே கோணி, அதற்கு மேலே பஞ்சு. ஒரு டேக்கில் பஞ்சு எப்படிக் கிடந்ததோ, அடுத்த டேக்கிலும் அப்படியே கிடக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் ஒரு சட்டம். அதனால் நடுவில் யாரையும் எழுந்திருக்க விடவில்லை. அசையாமல் கிடக்கச் சொன்னார்கள். அவரும் கிடந்தார். வெயில் உச்சிக்கு வந்தது. எட்டாவது டேக் போய்க்கொண்டிருந்தது.

செசிலி சாரத்தின் மேலிருந்து கையை நிறுத்திவிட்டாள். பனி நின்றதும் இயக்குநர் சத்தம் போட்டார். அவள் காதில் வாங்காமல் இறங்கி, கேமராவுக்கு முன்னாலேயே நடந்து போனாள். சுருளியப்பனின் மூக்கு நுனியில் ஒரு பஞ்சு இழை மூச்சோடு போய்ப் போய் வந்துகொண்டிருந்ததாம், திடீரென்று அது அசையாமல் நின்றுவிட்டதாம். பஞ்சையெல்லாம் வழித்துப் போட்டுவிட்டு அவர் கன்னத்தில் தட்டினாள். கம்பளியை நாங்கள் அவிழ்த்தபோது உடம்பு அடுப்பு மாதிரி இருந்தது. முகத்தில் தண்ணீர் அடித்து, நிழலுக்குத் தூக்கிப் போய்க் காற்று வீசிய பிறகு கண்ணைத் திறந்தார். தண்ணீர் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று செசிலி அழுகிற குரலில் கேட்டாள். அவர் நியாயமாகத்தான் பதில் சொன்னார்: "செத்தவன் எப்பிடி ஆத்தா தண்ணி கேப்பான்? அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டுல இருந்தாக."

தேனி டாக்டர்

அடுத்தவர் மூச்சு நிற்பதை அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தவளுக்கு, தன் மூச்சைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸில் ஏறினால் இரண்டாவது படியில் நின்று, கம்பியைப் பிடித்து, பின்னால் வருகிறவர்கள் திட்டத் திட்ட மூச்சு வாங்கிக்கொண்டுதான் மூன்றாவது படியில் கால் வைப்பாள். தேனிக்கு அழைத்துப் போனேன். நெஞ்சுப் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பஞ்சு மில்லில் வேலையா என்று கேட்டார். செசிலி கொஞ்சம் பெருமையாகவே, இல்லை, சினிமா என்றாள்.

நான் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். போடியில் பஞ்சு அறை, அப்புறம் சல்லடை, மலையில் மூட்டம் வேண்டுமென்றால் தேங்காய் மட்டையையும் சாம்பிராணியையும் போட்டுக் கிளப்புகிற புகை, விடியற்காலைக் குளிரில் போடிமெட்டில் நிற்பது. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நுரையீரல் விறைத்துப் போயிருக்கிறது, போனது திரும்பாது, மிச்சமிருப்பதை வேண்டுமானால் காப்பாற்றலாம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, கோபமில்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார்: "பஞ்சு ஆகாது, புகை ஆகாது, மலைக் குளிரும் ஆகாது. இது மூணும் இல்லாம உங்க வேலையில வேற என்ன இருக்கு?"

உப்பு

பஞ்சை விட்டுவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். மெத்தை தைப்பதும் பஞ்சு வேலைதானே என்று அதையும் குறைத்துக்கொண்டேன். பிறகு ஒரு படத்துக்கு, பனி பெய்ய வேண்டாம், பெய்து கிடந்தால் போதும் என்றார்கள். எனக்கு உப்பு ஞாபகம் வந்தது. உப்பு பறக்காது, நெஞ்சுக்குள் போகாது. மார்க்கையன்கோட்டைப் பக்கம் பெருமாள்சாமி என்பவர் தன் தரிசுக் காட்டைச் சந்தோஷமாகக் கொடுத்தார்; கதாநாயகன் தன் காட்டில் நடப்பார் என்பதில் அவருக்கு அத்தனை பெருமை. லாரியில் கொண்டு வந்து நிரப்பினோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நடுவில் எங்கிருந்தோ ஆட்டு மந்தை ஒன்று வந்து நக்க ஆரம்பித்து, படப்பிடிப்பு அரை மணி நேரம் நின்றது. செசிலி வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து அதைப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு முழுக்க அவள் ஒரு தடவைகூட இருமவில்லை. இந்தத் தொழிலில் எனக்கு நல்ல நாள் என்று ஒன்று உண்டென்றால் அதுதான்.

மறுநாள் அள்ளிவிடலாம் என்று விட்டுவிட்டு வந்தோம். சாயங்காலமே கோடை மழை பிடித்துக்கொண்டது. போய்ப் பார்த்தபோது அள்ளுவதற்கு ஒன்றுமில்லை. எல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. படக் கம்பெனி ஊருக்குப் போய்விட்டது. மழை பெய்தால் உப்பு கரையும் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அன்றைக்கு அவள் இருமவில்லை என்பது ஒன்றுதான் தெரிந்தது. இரண்டு வருஷம் கழித்துச் சின்னமனூர் சந்தையில் பெருமாள்சாமியைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகப் பார்த்தவனைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்து முடித்து டம்ளரை வைத்த பிறகு சொன்னார்: "உங்க படத்துல பனி ஒரு பாட்டுக்கு நின்னுச்சு. எங்காட்டுல ரெண்டு வருசமா நிக்குது. ஒரு மொச்ச மொளைக்கல."

வேனில் முன் இருக்கை

உப்பையும் விட்டேன். செசிலியின் மூச்சு கூடவில்லை என்றாலும் குறையாமல் நின்றது. மாடிப்படி ஏறாமல், அடுப்புப் புகை படாமல், வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்குகிற அளவுக்கு இருந்தாள். அப்படி ஒன்றரை வருஷம் போனது. அதைக் கெடுத்தது நான்தான்.

முத்துராசு ஓர் இயக்குநரை வீட்டுக்கே கூட்டி வந்தான். மலைக்கிராமப் பள்ளியில் வேலை பார்க்கிற ஓர் ஆசிரியரின் மனைவி பனிக்காலத்தில் சாகிற கதை. கம்ப்யூட்டரில் பனி போட்டால் பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரிந்துவிடும், பஞ்சுதான் வேண்டும் என்றார். முடியாது என்று சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் அலமாரியைப் பார்த்துவிட்டார். அந்த ருஷ்யப் புத்தகங்களில் ஒன்றை எடுத்து, அதில் வருகிற பனிப்புயல் அத்தியாயத்தைப் பற்றி என்னிடம் பேசினார். என் அபிப்பிராயம் என்ன என்று கேட்டார். முப்பது வருஷமாக நான் தனியாகப் படித்துக்கொண்டிருந்தவன். அந்தப் புத்தகங்களைப் பற்றி என்னிடம் ஒருவரும் பேசியதில்லை. இரண்டு மணி நேரம் பேசினோம். அவர் கிளம்பும்போது, வேலைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பணத்துக்காகச் செய்தேன் என்று சொன்னால்கூட உங்களில் சிலர் மன்னிப்பீர்கள். இதற்கு என்ன சொல்வது.

சலிப்பதை நானே பார்த்துக்கொள்கிறேன், நீ வர வேண்டாம் என்று செசிலியிடம் உறுதியாகச் சொன்னேன். விடிந்ததும் முத்துராசு அனுப்பியிருந்த வேனில் ஏறப் போனால், முன் இருக்கையில் மடியில் சல்லடையோடு உட்கார்ந்திருந்தாள். இறங்கு என்றேன். என் முகத்தைப் பார்க்காமல், கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க சலிச்சீகன்னா பனியா விழாது, பஞ்சாத்தான் விழும். அந்த மனுசன் உங்கள நம்பி வந்துருக்காரு."

ஒன் மோர்

போடி மலையில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடம். உள்ளே கட்டிலில் ஆசிரியரின் மனைவியாக நடிக்கிற அம்மா படுத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே சாரத்தின் மேல் செசிலி. கீழே மின்விசிறியைப் பிடித்தபடி நான். பேச்சையும் சத்தத்தையும் அங்கேயே பதிவு செய்கிற படம் அது. முதல் டேக்கில் செசிலி இருமினாள். நிறுத்தினார்கள். இரண்டாவதிலும் இருமினாள். மூன்றாவதில் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள், அப்படியும் வந்தது. இயக்குநர் ஒலிப்பதிவாளரின் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு, அந்த இருமலைத் திரும்பத் திரும்பக் கேட்டார். திட்டப்போகிறார் என்று நின்றோம். அவர் வந்து செசிலியைக் கையைப் பிடித்து இறக்கி, நாற்காலி போடச் சொல்லி, அந்த நடிகைக்குப் பதிலாக நீங்கள் இருமித் தருவீர்களா அம்மா என்று கேட்டார். அவருடையது தொண்டையிலிருந்து வருகிறதாம், செசிலியுடையது அடியிலிருந்து வருகிறதாம். செசிலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மைக்கை நெஞ்சுக்கு நேரே வைத்தார்கள். கேட்டபோது இருமல் வரவில்லை. எல்லோரும் அமைதியாகக் காத்திருந்தார்கள். எதனால் வரும் என்று இயக்குநர் என்னைக் கேட்டார். பஞ்சினால் என்றேன். கொஞ்சம் தூவிப் பார்க்கலாமா என்று மெதுவாகக் கேட்டார். முடியாது என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். அவர் கெட்டவர் இல்லை, சொல்லியிருந்தால் விட்டிருப்பார். செசிலி என்னைப் பார்த்தாள். நான் சல்லடையை எடுத்து அவள் முகத்துக்கு மேலே பிடித்துச் சலித்தேன். அவள் சொன்னது சரிதான், அது பனியாக விழவில்லை.

முதல் முறையே நன்றாக வந்தது. ஒன் மோர் என்றார்கள். இரண்டாவதில் ஏதோ பறவைச் சத்தம் விழுந்துவிட்டது. மூன்றாவதில் மைக்கை இன்னும் கிட்டே வைத்தார்கள். நான்காவதில் அவளால் நிறுத்த முடியவில்லை. நின்ற பிறகு தலைப்பை எடுத்துப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் உள்பக்கமாக மடித்துக்கொண்டாள். எனக்கு அந்தச் சிவப்பு தெரிந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். கொஞ்சம் மூச்சு திரும்பியதும் அவள் இயக்குநரைப் பார்த்துக் கேட்டாள்: "நல்லா வந்துச்சா சார்? இல்லேன்னா இன்னொருக்கா சலிக்கச் சொல்லுங்க."

நாலரை மணி பஸ்

புத்தகங்களில் சாவு பனியோடு வரும். செசிலி போனது சித்திரையில். மின்விசிறி சுடுகாற்றை இறைத்துக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்தாலும் காற்று இல்லை, மூடினாலும் இல்லை. பதினோரு நாள் அவள் உட்கார்ந்தபடியேதான் தூங்கினாள். கடைசி நாள் கோயிலில் மத்தியான மணி அடித்தபோது அவள் கை என் கையில் இருந்தது. கதைகளில் அந்த நேரத்துக்கு ஏதாவது பேசுவார்கள். பேசுவதற்கு அவளிடம் மூச்சு இல்லை.

படம் அந்த மார்கழியில் வெளிவந்தது. தேனியில் பகல் காட்சிக்குத் தனியாகப் போனேன். இடைவேளைக்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி மெதுவாக விழுந்தது. அது அவள் சலித்தது. கட்டிலில் அந்த நடிகையின் உதடு அசைந்தது; இருமல் செசிலியுடையது. நான்கு முறை பதிவு செய்ததில், பறவைச் சத்தம் விழுந்ததைத் தவிர எதையும் வீணாக்கவில்லை. முதலாவதையும் மூன்றாவதையும் ஆங்காங்கே வைத்துவிட்டு, நான்காவதைச் சாகிற இடத்தில் முழுசாகப் போட்டிருந்தார்கள். தியேட்டரின் நாலு மூலையிலிருந்தும் அது வந்தது. சல்லடை என் கையில்தான் இருந்தது என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

எனக்குப் பின்வரிசையில் இரண்டு இளவட்டங்கள் உட்கார்ந்திருந்தார்கள். காட்சி நீண்டுகொண்டே போனதில் ஒருவனுக்குப் பொறுமை போய்விட்டது. முன்னால் என் நாற்காலியில் முழங்கால் இடிக்க நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான்: "ஏலே, அந்தம்மாவச் சீக்கிரம் சாகச் சொல்லுடா. எம்புட்டு நேரம் இருமும், நாலரை ஆண்டிபட்டி பஸ்ஸப் பிடிக்கணும்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை, அவன் மேல் எனக்குக் கோபமும் வரவில்லை: இல்லாத பனியைப் பதினான்கு வருஷம் ஊரையே நம்பவைத்த எனக்கு, வீட்டுக்குள் இருந்த இருமலை நம்ப மட்டும் தெரியாமல் போய்விட்டது.